ஆர்ம் மைக்ரோகன்ட்ரோலர் பழக எதை முதலில் வாங்குவது? கருவி, போர்டு, மென்பொருள்: முழுமையான வழிகாட்டி

அர்டுயினோ ஊனோவில் சில வேலைகளைச் செய்து பார்த்துவிட்டு ஆர்ம் கோர் உள்ள சிப்புகள் பக்கம் வருபவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் போகிறார்கள். முதலில் கண்ணில் பட்ட மலிவான போர்டு, அடுத்து ஏதோ ஒரு ஐடிஇ (நிரல் எழுதும் மென்பொருள்), எல்லாம் நின்றுபோன பிறகு கடைசியாக டீபக்கர், அதாவது சிப்பை நிறுத்திப் பிழை தேடும் கருவி. இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். சிப்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கும் வழியை முதலில் உறுதி செய்யுங்கள். போர்டும் மென்பொருளும் அதற்கேற்ப அமையட்டும்.

எஸ்டிஎம்32, ராஸ்பெர்ரி பை பிகோ ஆகிய இரண்டை வைத்தே எழுதியிருக்கிறோம். சி மொழியில் பாயின்டர் வரை தெரியும், சாலிடரிங் அயர்ன் பிடித்த கை என்று எடுத்துக்கொள்கிறோம்.

1. கடைக்குப் போகும் முன் ஒரு தாள்

செய்யப்போகும் வேலைக்கு என்னென்ன தேவை என்று எழுதுங்கள்: எத்தனை யுஆர்ட், ஐ2சி, எஸ்பிஐ (மூன்றும் மற்றக் கருவிகளோடு பேசும் வழிகள்), ஏடிசி (வோல்டேஜை எண்ணாக்குவது); யுஎஸ்பி வேண்டுமா, கேன் (வாகனங்களில் பயன்படும் தொடர்பு வழி) வேண்டுமா, டிஏசி (எண்ணை வோல்டேஜாக்குவது) வேண்டுமா; மின்சாரம் பேட்டரியா, அடாப்டரா. போர்டு வாங்கிய பிறகு இந்தப் பட்டியலைப் போட்டுப் பயனில்லை. சிப்பில் இல்லாத ஹார்டுவேரை மென்பொருளால் ஈடுகட்டுவது புதியவர் வேலை இல்லை.

எடுத்துக்காட்டு கேன். எஸ்டிஎம்32எஃப்103-ல் கேனும் யுஎஸ்பியும் உண்டு. ஆனால் இரண்டும் ஒரே 512 பைட் நினைவகத்தைப் பங்கிடுவதால் ஒரே நேரத்தில் ஓடாது. அதே எஸ்டிஎம்32 குடும்பத்தின் எஃப்411-ல் கேனே கிடையாது. எஃப்446-ல் இரண்டு கேன், இரண்டு டிஏசி. பிகோவின் ஆர்பி2040-ல் கேனும் இல்லை, டிஏசியும் இல்லை.

அடுத்து ரேம் கணக்கு. 128×64 ஓஎல்இடி திரைக்கு ஒரு பிக்சலுக்கு ஒரு பிட் வீதம் 1,024 பைட் போதும். 240×320 வண்ணத் திரையை 16 பிட் நிறத்தில் முழுதாக நினைவகத்தில் வைக்க 1,53,600 பைட், அதாவது 150 கேபி. எஃப்103சி8-ல் இருப்பது 20 கேபி, எஃப்411-ல் 128 கேபி, ஆர்பி2040-ல் 264 கேபி. திரையைத் துண்டு துண்டாக வரைந்தால் சிறிய சிப்பிலும் ஓட்டலாம், ஆனால் அந்த முடிவை இப்போதே எடுத்துவிடுங்கள்.

இணைக்கப்போகும் ஒவ்வொரு மாட்யூலின் பக்கத்திலும் அதன் வோல்டேஜைக் குறியுங்கள். இந்தச் சிப்புகள் எல்லாம் 3.3 வோல்ட். எச்சி-எஸ்ஆர்04 போன்ற தொலைவு சென்சாரின் எக்கோ பின் 5 வோல்ட் தரும். ஆர்பி2040-க்கு அது ஆகாது. எஸ்டிஎம்32-ல் பல பின்கள் 5 வோல்ட்டைத் தாங்கும், டேட்டாஷீட்டின் பின் அட்டவணையில் அவற்றுக்கு 'எஃப்டி' என்று போட்டிருக்கும். ஆனால் அனலாக் முறையிலோ, சிப்புக்கு மின்சாரம் இல்லாத நேரத்திலோ அந்தத் தாங்கும் சக்தியை நம்பக் கூடாது. 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் எக்கோ பக்கம், 2 கிலோ ஓம் கிரவுண்டு பக்கம் என்று தொடராகப் போட்டு நடுவில் எடுத்தால் 5 வோல்ட் 3.33 ஆகிவிடும்.

2. கோர்: மெகாஹெர்ட்ஸை விடுங்கள், பிழையைக் காட்டுமா என்று பாருங்கள்

ஆர்மின் கோர்களில் (சிப்பின் கணக்கிடும் பகுதி) கார்டெக்ஸ்-எம்0+, எம்3, எம்4, எம்7, எம்33 என்று பல உண்டு. பொழுதுபோக்கு வேலைகளில் வேகம் போதாமல் நிற்பது அரிது. பிழை எங்கே என்று தெரியாமல் நிற்பதே வழக்கம். அதனால் கற்கும் சிப்பை அந்தக் கோணத்தில் தேர்ந்தெடுங்கள்.

நிரல் தவறான முகவரியைத் தொட்டால் எம்0+ வெறுமனே ஹார்டுஃபால்ட் (காரணம் சொல்லாத பொதுப் பிழை நிலை) என்று நின்றுவிடும். எம்3, எம்4 கோர்களில் சிஎஃப்எஸ்ஆர் என்ற ரிஜிஸ்டர் உண்டு. என்ன வகைத் தவறு என்பதை அது சொல்லும், பல சமயம் எந்த முகவரியில் என்பதும் கிடைக்கும். ஹார்டுவேர் பிரேக்பாயின்ட் (நிரலைக் குறிப்பிட்ட வரியில் நிறுத்தும் இடம்) எம்0+ கோரில் அதிகபட்சம் 4, எம்4-ல் வழக்கமாக 6. நிரல் ஓடும்போதே ஒற்றைக் கம்பியில் டீபக் செய்திகளை வெளியே அனுப்பும் எஸ்டபிள்யூஓ எம்0+ கோரில் இல்லை. முதல் போர்டு எம்4 ஆக இருக்கட்டும் என்பதற்கு இவை போதுமான காரணம்.

எம்0+ பக்கம் போனால் இன்னும் இரண்டு நினைவிருக்கட்டும். வகுத்தலுக்குக் கோரில் கட்டளை கிடையாது (ஆர்பி2040 தனியாக ஒரு வகுப்பானை வைத்திருக்கிறது). 4 பைட் எண்ணை 4-ஆல் வகுபடாத முகவரியிலிருந்து படித்தால் ஹார்டுஃபால்ட். எம்4-ல் ஓடிய பாக்கெட் பிரிக்கும் நிரல் பிகோவில் செத்துப்போவது பெரும்பாலும் இதனால்தான்.

எம்4-ன் மிதவைப்புள்ளி அலகு ஒற்றைத் துல்லியம் மட்டுமே. 1.5 என்று எழுதினால் சி மொழியில் அது டபுள், கணக்கு முழுவதும் மெதுவான மென்பொருள் வழியே போகும். எண்ணின் பின்னால் 'எஃப்' எழுத்தைச் சேருங்கள்.

3. டீபக் ப்ரோப்: முதல் செலவு இதற்கே

ப்ரோப் என்பது கணினிக்கும் சிப்புக்கும் நடுவே இணைக்கும் சிறிய கருவி. அதைக் கொண்டு எஸ்டபிள்யூடி என்ற இரு கம்பி வழியில் சிப்பை நிறுத்தலாம், நினைவகத்தைப் படிக்கலாம், வரி வரியாக நகர்த்தலாம். எல்இடியை மினுக்கியும் பிரின்ட்எஃப் போட்டும் பிழை தேடுவது அர்டுயினோவில் வந்த பழக்கம். இன்டரப்ட், டிஎம்ஏ (கோரின் உதவி இல்லாமல் தரவை நகர்த்தும் பகுதி) என்று வந்தவுடன் அது தோற்கும், ஏனென்றால் பிரின்ட்எஃப் போட்டதாலேயே நேரம் மாறி, பிழை ஒளிந்துகொள்ளும்.

வழிகள் நான்கு.

எஸ்டிஎம்32 சிப்பைத் தயாரிக்கும் எஸ்டி நிறுவனத்தின் நியூக்ளியோ போர்டு வாங்கினால், எஸ்டி-லிங்க் என்ற அதன் ப்ரோப் அதிலேயே இருக்கிறது. நியூக்ளியோ-எஃப்411ஆர்இ, எஃப்446ஆர்இ போர்டுகளில் சிஎன்2 என்ற இடத்தில் உள்ள இரண்டு ஜம்பர்களையும் கழற்றிவிட்டால், அதே எஸ்டி-லிங்க் வெளியே உள்ள வேறு எஸ்டிஎம்32 சிப்புக்கும் வேலை செய்யும். அதற்கான இணைப்பு சிஎன்4: 1 இலக்கின் (டீபக் செய்யப்படும் சிப்பின்) வோல்டேஜ், 2 கிளாக், 3 கிரவுண்டு, 4 டேட்டா, 5 ரீசெட், 6 எஸ்டபிள்யூஓ. இதில் 1-ஆம் பின் மின்சாரம் கொடுக்காது, இலக்கின் வோல்டேஜை அளக்க மட்டுமே. அதை மின்வழி என்று நினைத்துப் போர்டுக்கு வேறு மின்சாரம் கொடுக்காமல், 'இலக்கு கிடைக்கவில்லை' என்ற செய்தியோடு மல்லாடுவது வாடிக்கை.

இரண்டாவது, பென்டிரைவ் வடிவ நகல் எஸ்டி-லிங்க் வி2. விலை குறைவு, வேலையும் செய்யும். ஆனால் பின் வரிசை ஒவ்வொரு தயாரிப்பிலும் வேறு. உறையின் மேல் அச்சடித்ததை மட்டும் நம்புங்கள், இணையப் படத்தை நம்பாதீர்கள். அச்சும் உள்ளே உள்ள பலகையும் ஒத்துப்போகாததும் உண்டு, அதனால் உறையை உருவி ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. நியூக்ளியோவுக்கு மாறாக இதன் 3.3 வோல்ட் பின் மின்சாரத்தை வெளியே தரும். போர்டை யுஎஸ்பியிலும் செருகி, இந்தப் பின்னையும் இணைத்தால் இரண்டு ரெகுலேட்டர்கள் மோதும். ஏதாவது ஒன்று மட்டும். எஸ்டபிள்யூஓ பெரும்பாலும் இதில் வெளியே வருவதில்லை.

மூன்றாவது, ராஸ்பெர்ரி பை டீபக் ப்ரோப், அல்லது கையில் கிடக்கும் இன்னொரு பிகோவில் டீபக்ப்ரோப் ஃபர்ம்வேரை ஏற்றுவது. சிஎம்சிஸ்-டாப் என்ற பொது நெறியில் இயங்குவதால் பல நிறுவனச் சிப்புகளோடும் இது பேசும். பிகோவை ப்ரோப் ஆக்கினால் ஜிபி2 கிளாக், ஜிபி3 டேட்டா, ஜிபி4 யுஆர்ட் அனுப்பும் பின், ஜிபி5 பெறும் பின். இரண்டு பிகோ வாங்குவது வீண் என்று தோன்றும். வீண் இல்லை.

நான்காவது, ஜே-லிங்க் எடு மினி. வேகமானது, நம்பகமானது. வணிகப் பயன்பாட்டுக்கு உரிமம் இல்லை. நோர்டிக் சிப்புகள் பக்கம் போக எண்ணம் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

எதுவானாலும் கம்பி 15 செ.மீ.-க்குள் இருக்கட்டும், கிரவுண்டு கட்டாயம், ரீசெட் கம்பியையும் சேர்த்தே இணையுங்கள். ரீசெட் ஏன் என்பது 8-ஆம் பகுதியில் புரியும்.

4. போர்டு

மூன்றில் ஒன்று போதும்.

நியூக்ளியோ-எஃப்446ஆர்இ: 180 மெகாஹெர்ட்ஸ் எம்4, 512 கேபி ஃபிளாஷ், 128 கேபி ரேம். ப்ரோப், கணினிக்கான சீரியல் போர்ட், கோப்பை இழுத்துப் போட்டு ஏற்றும் வசதி மூன்றும் ஒரே யுஎஸ்பி கேபிளில். முதல் போர்டுக்கு எங்கள் பரிந்துரை இதுவே. ஒரு குறை: அந்த யுஎஸ்பி எஸ்டி-லிங்க்குக்குச் சொந்தம். உங்கள் சிப்பின் யுஎஸ்பியைப் பழக, தனியாக ஒரு சாக்கெட்டை நீங்களே இணைக்க வேண்டும்.

பிளாக் பில், அதாவது எஃப்411சிஇயு6 போர்டு: 100 மெகாஹெர்ட்ஸ் எம்4, 512 கேபி, 128 கேபி. பிரெட்போர்டில் உட்காரும், சிப்பின் யுஎஸ்பி நேராக டைப்-சி சாக்கெட்டில் இருக்கிறது. கீபோர்டு, மிடி, யுஎஸ்பி வேலைகளுக்கு இதுவே பொருத்தம். தனி ப்ரோப் வேண்டும். ஹெடர் பின்களை நாமே சாலிடர் செய்ய வேண்டியிருக்கும். பின்களை பிரெட்போர்டில் செருகி, மேலே போர்டை வைத்து சாலிடர் செய்தால் கோணாது.

பிகோ: ஆர்பி2040, இரட்டை எம்0+ கோர், 133 மெகாஹெர்ட்ஸ், 2 எம்பி வெளி ஃபிளாஷ். ஆவணங்கள் அருமை. பிஐஓ என்ற தனி நிலைப்பொறிகளால் விசித்திரமான நேரக் கணக்குள்ள சிக்னல்களையும் உருவாக்கலாம். வாங்கும்போது பிகோ எச் என்ற வகையைக் கேளுங்கள், ஹெடரும் மூன்று பின் டீபக் சாக்கெட்டும் பொருத்தியே வரும். சாதா பிகோவில் டீபக் துளைகள் ஓரத்தில் இருக்கும், பிகோ டபிள்யூவில் பலகையின் நடுவே போய்விட்டன. ஏடிசி 12 பிட் என்றாலும் நடைமுறையில் கிடைக்கும் துல்லியம் 9 பிட்டை ஒட்டித்தான், எடைத்தராசு செய்ய இதை நம்ப வேண்டாம்.

பிகோ 2 வாங்கினால் கவனிக்க இரண்டு. அதன் சிப்பான ஆர்பி2350-ன் ஏ2 பதிப்பில், உள்ளேயுள்ள கீழிழுப்பு (புல்-டவுன்) ரெசிஸ்டரை இயக்கிய இன்புட் பின் ஏறக்குறைய 2 வோல்ட்டில் சிக்கிக்கொள்ளும் குறை உண்டு. எர்ராட்டா தாளில் (சிப்பின் அறியப்பட்ட குறைகளின் பட்டியல்) இ9 என்று தேடுங்கள். வெளியே 8.2 கிலோ ஓம் அல்லது அதற்குக் குறைந்த ரெசிஸ்டரைக் கிரவுண்டுக்குப் போட்டால் தீரும். மற்றது, ப்ரோப்போடு பேசும் கணினி மென்பொருளான ஓபன்ஓசிடி 0.12.0 வந்தது 2023 ஜனவரியில், இந்தச் சிப் வந்தது 2024 ஆகஸ்டில். லினக்ஸ் களஞ்சியத்தில் உள்ள பழைய ஓபன்ஓசிடிக்கு இதைத் தெரியாது. ராஸ்பெர்ரி பை தரும் பதிப்பைப் போடுங்கள்.

எஃப்103 போர்டான ப்ளூ பில் ஏன் பட்டியலில் இல்லை? சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பார்கள், விலையும் குறைவு. ஆனால் பலவற்றில் இருப்பது எஸ்டிஎம்32 இல்லை, அதன் நகல். ஓபன்ஓசிடி எதிர்பார்க்கும் அடையாள எண் 1-ல் தொடங்கும், பல நகல்கள் 2-ல் தொடங்கும் எண்ணைத் தரும், இணைப்பு அங்கேயே மறுக்கப்படும். போதாக்குறைக்குப் பல பலகைகளில் யுஎஸ்பி டேட்டா கம்பியின் ரெசிஸ்டர் 1.5 கிலோ ஓமுக்குப் பதில் 10 கிலோ ஓம், சில கணினிகள் அதை யுஎஸ்பி கருவியாகவே கண்டுகொள்ளாது. தெரிந்தவருக்கு இதெல்லாம் ஐந்து நிமிட வேலை. புதியவர் தன் நிரலில் குற்றம் தேடிக்கொண்டிருப்பார்.

5. மேசையில் இருக்க வேண்டியவை

டேட்டா போகும் யுஎஸ்பி கேபிள், 2. பழைய சார்ஜர் கேபிள்கள் பலவற்றில் டேட்டா கம்பியே இருக்காது. மொபைலை இணைத்துக் கோப்பு தெரிகிறதா என்று சோதித்து, தேறிய கேபிளில் டேப் ஒட்டி வையுங்கள்.

மல்டிமீட்டர், 1. மலிவானதே போதும், கண்டினியூட்டி பீப் வேகமாக ஒலிக்க வேண்டும்.

8 சேனல், 24 மெகாஹெர்ட்ஸ் லாஜிக் அனலைசர், 1. பல்ஸ்வியூ மென்பொருளோடு ஓடும் சிறிய பெட்டி. ஐ2சி சென்சார் பதில் சொல்லவில்லை என்றால், சிப் பேசவில்லையா, சென்சார் கேட்கவில்லையா என்பதை இது உடனே காட்டிவிடும். சிக்னல் வேகத்தின் 4 மடங்காவது மாதிரி எடுக்க வேண்டும், எனவே 5 மெகாஹெர்ட்ஸ் எஸ்பிஐ வரைக்கும் நம்பலாம். கிரவுண்டை இணைக்க மறந்தால் திரை முழுக்கக் குப்பையாகத் தெரியும். ஆசிலோஸ்கோப் இப்போது வேண்டாம்.

3.3 வோல்ட் யுஎஸ்பி-யுஆர்ட் பலகை, 1. நியூக்ளியோவுக்கும் டீபக் ப்ரோப்புக்கும் தேவையில்லை. அதில் உள்ள சிப் சிபி2102, சிஎச்340 எதுவானாலும் சரி. வோல்டேஜ் ஜம்பர் 5-ல் இருந்தால் 3.3-க்கு மாற்றிவிட்டு இணையுங்கள்.

இவற்றோடு 830 துளை பிரெட்போர்டு 2, ஜம்பர் கம்பி மூன்று வகையிலும் 20 வீதம், 330 ஓம், 1, 2, 4.7, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், 100 நானோஃபாரட் செராமிக் கப்பாசிட்டர் 20.

6. மென்பொருள்: ஒரு பாதை, ஒரே பாதை

நான்கு ஐடிஇ-களை இறக்கி ஒவ்வொன்றையும் அரைகுறையாகப் பார்ப்பது பெரிய நேர விரயம். கீழே உள்ளதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு முதல் மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள்.

எஸ்டிஎம்32-க்கு எஸ்டிஎம்32கியூப்ஐடிஇ. கம்பைலர், டீபக்கர், ப்ரோப் தொடர்பு எல்லாம் ஒரே நிறுவலில் வருகிறது. கனமானதுதான், எக்லிப்ஸ் அடிப்படை என்பதால் முகப்பும் பழசு. ஆனால் பிரேக்பாயின்ட் முதல் நாளே வேலை செய்யும், நமக்கு அதுதான் முக்கியம். பின், கடிகாரத் தேர்வுகளிலிருந்து ஆரம்ப நிரலை எழுதித் தரும் கருவியான கியூப்எம்எக்ஸ் உருவாக்கும் கோப்புகளில் 'யூசர் கோட் பிகின்', 'யூசர் கோட் எண்ட்' என்ற குறிப்புகளுக்கு இடையில் மட்டுமே எழுதுங்கள். வெளியே எழுதியது அடுத்த முறை கோட் உருவாக்கும்போது சத்தமில்லாமல் அழிந்துவிடும்.

பிகோவுக்கு விஎஸ் கோட், அதற்கான ராஸ்பெர்ரி பை பிகோ நீட்டிப்பு. எஸ்டிகே, கம்பைலர், ஓபன்ஓசிடி மூன்றையும் அதுவே இறக்கிக்கொள்ளும்.

பிளாட்ஃபார்ம்ஐஓ வசதியானதுதான், ஆனால் எந்தக் கம்பைலர் ஆப்ஷன் எங்கிருந்து வருகிறது என்பதை மறைத்துவிடும். இரண்டாவது வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோபைத்தான் சென்சாரைச் சோதித்துப் பார்க்க மிக நல்லது. இன்டரப்ட் நேரத்தைக் கற்க உதவாது.

ஜிசிசி கம்பைலரைக் கையால் அமைக்க விரும்புபவர்கள் மூன்று இடத்தில் சறுக்குகிறார்கள். கோர் பெயரையும் மிதவைப்புள்ளி ஆப்ஷனையும் கம்பைலருக்கு மட்டும் கொடுத்துவிட்டு லிங்கர் கட்டளையில் விடுவது முதலாவது. அப்போது தவறான நூலகம் சேர்ந்துவிடும். மிதவைப்புள்ளி அலகை ரீசெட்டுக்குப் பிறகு நாமே இயக்க வேண்டும் என்று தெரியாமல், சொந்தமாக எழுதிய ஸ்டார்ட்அப் கோப்பில் அதை விட்டுவிடுவது இரண்டாவது. முதல் தசமக் கணக்கிலேயே ஃபால்ட் வரும். நியூலிப்-நானோ என்ற சிறிய சி நூலகத்தைப் போட்டபின் பிரின்ட்எஃப் தசம எண்ணை வெறுமையாக அச்சடிப்பது மூன்றாவது. அதற்கென்று தனி லிங்கர் ஆப்ஷன் உண்டு, தேவைப்பட்டால் மட்டும் போடுங்கள், ஃபிளாஷில் இடம் தின்னும். டீபக் செய்யும் காலத்தில் ஆப்டிமைசேஷன் '-ஓஜி'யில் இருக்கட்டும்.

வேலைக் கோப்புறையின் பாதையில் இடைவெளி வேண்டாம், ஒன்டிரைவுக்குள் வேண்டாம், தமிழ் எழுத்தும் வேண்டாம். ஆசையாகத் தமிழில் பெயர் வைத்தால் பல மேக்ஃபைல் கருவிகள் பாதையைத் தவறாகப் படித்து, சம்பந்தமே இல்லாத பிழையைச் சொல்லும்.

லினக்ஸில் ப்ரோப் தெரிந்தும் திறக்க முடியவில்லை என்றால் கருவியைத் திறக்க அனுமதி தரும் யுடெவ் விதிக் கோப்பு இல்லை என்று பொருள். ஓபன்ஓசிடியோடு வரும் விதிக் கோப்பை அதற்குரிய இடத்தில் போட்டு, கேபிளை உருவிச் செருகுங்கள். சூடோ போட்டு ஓட்டிப் பழகாதீர்கள், உருவாகும் கோப்புகள் எல்லாம் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும். சீரியல் போர்ட்டுக்கு உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழையுங்கள். டெபியன், உபுண்டுவில் ஆர்முக்கான ஜிடிபி (டீபக்கர் மென்பொருள்) தனியாக இருக்காது, ஜிடிபி-மல்டிஆர்ச் என்பதைப் போடுங்கள்.

7. ஆவணம் இறக்கி, முதல் மினுக்கல் வரை

எஃப்411-க்கு நான்கு கோப்புகள். டேட்டாஷீட்டில் பின்களும் மின் வரம்புகளும். ரெஃபரன்ஸ் மேனுவல் ஆர்எம்0383-ல் ரிஜிஸ்டர்கள். புரோகிராமிங் மேனுவல் பிஎம்0214-ல் கோரின் கட்டளைகளும் ஃபால்ட் ரிஜிஸ்டர்களும். எர்ராட்டா தாளில் சிப்பின் பிறவிக் குறைகள். புதியவர்கள் ரிஜிஸ்டரை டேட்டாஷீட்டில் தேடிக் களைத்துப்போகிறார்கள், அது அங்கே இருக்காது. போர்டின் சர்க்யூட் வரைபடத்தையும் சேர்த்து வையுங்கள்.

இனி இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படியில் சந்தேகப்பட வேண்டியவற்றைக் குறைக்கிறது.

அ) எதையும் செருகாமல் 3.3 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மீட்டரை வைத்துப் பாருங்கள். பீப் தொடர்ந்து ஒலித்தால் ஷார்ட். ஹெடர் சாலிடரைப் பாருங்கள்.

ஆ) ப்ரோப்பை இணைத்து, நிரல் எழுதும் முன்னே எஸ்டிஎம்32கியூப்புரோகிராமரில் இணையுங்கள். சிப்பின் பெயரும் 3.2 வோல்ட்டை ஒட்டிய எண்ணும் தெரிய வேண்டும். இங்கே தெரியவில்லை என்றால் கோளாறு கம்பியிலோ மின்சாரத்திலோதான். நிரலைத் தொடாதீர்கள். கிளாக்கும் டேட்டாவும் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கம்பி நீளமாக இருந்தால் வேகத்தை 480 கிலோஹெர்ட்ஸுக்குக் குறையுங்கள்.

இ) சிப்பின் உள் கடிகாரத்திலேயே எல்இடியை மினுக்குங்கள். கிரிஸ்டலை இப்போது சேர்த்தால், எரியாத எல்இடிக்குக் காரணம் இரண்டாகிவிடும். பிளாக் பில்லில் எல்இடி பிசி13-ல் இருக்கிறது, பின்னைத் தாழ்த்தினால்தான் எரியும். பிகோவில் ஜிபி25. பிகோ டபிள்யூவில் எல்இடி வைஃபை சிப்போடு இணைந்திருப்பதால் ஜிபி25-ஐ ஆட்டினால் ஒன்றும் நடக்காது, பலரும் போர்டு பழுது என்று திருப்பி அனுப்புவது இதற்காகத்தான்.

ஈ) அந்த மினுக்கல் வரியில் பிரேக்பாயின்ட் வைத்து நிறுத்துங்கள். ஒரு மாறியின் மதிப்பை மாற்றி வேகம் மாறுகிறதா என்று பாருங்கள். இது நடந்தால் கருவிச் சங்கிலி முழுவதும் சரி.

உ) யுஆர்ட்டில் ஒரு வரி அனுப்புங்கள், 1,15,200 வேகத்தில். அனுப்பும் பின் மறுபக்கத்தின் பெறும் பின்னுக்குப் போக வேண்டும்.

ஊ) இப்போது கிரிஸ்டல். பிளாக் பில்லில் இருப்பது 25 மெகாஹெர்ட்ஸ், இணையத்தில் சுற்றும் பல எடுத்துக்காட்டுகள் 8 என்று எடுத்துக்கொள்கின்றன. அப்படியே எடுத்துப் போட்டால் எல்லா நேரமும் தவறும், யுஆர்ட் குப்பையாக வரும். பிஎல்எல் என்ற கடிகார வேகத்தை மாற்றும் பகுதியில் எம் 25, என் 192, பி 2, கியூ 4 என்று வையுங்கள்: கோருக்கு 96, யுஎஸ்பிக்குத் துல்லியமாக 48 மெகாஹெர்ட்ஸ். 100-க்கு ஏற்றினால் யுஎஸ்பிக்கு 48 கிடைக்காது. 3.3 வோல்ட்டில் 96 மெகாஹெர்ட்ஸுக்கு ஃபிளாஷ் காத்திருப்பு (வெயிட் ஸ்டேட்) 3, அதை மறந்தால் நிரல் கண்ட இடத்தில் விழும்.

நியூக்ளியோ-எஃப்411, எஃப்446 போர்டுகளில் கிரிஸ்டல் கிடையாது. எஸ்டி-லிங்க் 8 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை அனுப்புகிறது. எனவே கியூப்எம்எக்ஸில் 'கிரிஸ்டல்' அல்ல, 'பைபாஸ்' என்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

8. திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள்

நேற்று ஏறிய சிப் இன்று இணைய மறுக்கிறது. காரணம் பெரும்பாலும் உங்கள் நிரலேதான். எஸ்டபிள்யூடி பின்களான பிஏ13, பிஏ14 இரண்டையும் வேறு வேலைக்குக் கொடுத்திருப்பீர்கள், அல்லது தூக்க நிலைக்குப் போகும் நிரலாக இருக்கும். எஃப்103-ல் கியூப்எம்எக்ஸின் டீபக் தேர்வை 'இல்லை' என்றே விட்டால், உருவாகும் நிரலே டீபக் பின்களை மூடிவிடும். ப்ரோப்பில் 'ரீசெட்டில் பிடித்தபடி இணை' என்ற தேர்வைப் போடுங்கள். நிரல் ஓடத் தொடங்கும் முன்பே சிப் பிடிபடும், அழித்துவிடலாம். ரீசெட் கம்பியை இணைக்கச் சொன்னது இதற்காகத்தான். நகல் ப்ரோப்களில் ரீசெட் வேலை செய்யாவிட்டால் பூட்0 பொத்தானை அழுத்தியபடி ரீசெட்டைத் தட்டுங்கள், உங்கள் நிரல் ஓடாமல் சிப்பின் பூட்லோடர் ஓடும்.

ரிஜிஸ்டரில் எழுதிய மதிப்பு ஒட்டவே இல்லை, படித்தால் பூஜ்யம். அந்தப் பகுதிக்கு ஆர்சிசியில் (ரீசெட்டையும் கிளாக்கையும் கட்டுப்படுத்தும் பகுதி) கிளாக்கைத் திறக்கவில்லை. எஸ்டிஎம்32 இதற்கு எந்தப் பிழையும் காட்டாது.

ஐ2சி சென்சார் பேசவில்லை. இரண்டு கம்பியிலும் 4.7 கிலோ ஓம் மேலிழுப்பு (புல்-அப்) ரெசிஸ்டர் இருக்கிறதா? மாட்யூலிலேயே இருந்தால் தேவையில்லை. அடுத்தது முகவரி. டேட்டாஷீட் 7 பிட் எண்ணைச் சொல்லும், எஸ்டியின் ஹால் நூலகம் அதை ஒரு இடம் இடப்பக்கம் நகர்த்திக் கேட்கும்.

இன்டரப்டில் மாறும் மாறி, மெயின் லூப்பில் மாறவே இல்லை, அதுவும் ஆப்டிமைசேஷன் போட்டால் மட்டும். அந்த மாறியின் அறிவிப்பில் 'வாலடைல்' என்ற சி மொழிச் சொல் விட்டுப்போயிருக்கிறது.

ஓடிக்கொண்டே இருந்து எப்போதாவது ஹார்டுஃபால்ட். ஸ்டேக் நிரம்பியதா என்று முதலில் சந்தேகப்படுங்கள், ஃபங்ஷனுக்குள் 2 கேபி அரே அறிவித்திருப்பீர்கள். பிறகு சிஎஃப்எஸ்ஆர், அதன் பிறகு ஸ்டேக்கில் சேமிக்கப்பட்ட நிரல் முகவரி. அந்த முகவரியை டிஸ்அசெம்ப்ளி சாளரத்தில் போட்டால் விழுந்த வரி கிடைக்கும்.

மோட்டார் ஓடும்போது மட்டும் ரீசெட் ஆகிறது. மோட்டாருக்கும் சிப்புக்கும் ஒரே 5 வோல்ட்டா? பிரித்துவிட்டு கிரவுண்டை மட்டும் ஒன்றாக்குங்கள்.

9. சொந்தப் பலகைக்கு மாறும்போது

போர்டில் வேலை செய்த நிரலைக் கையில் வைத்துக்கொண்டுதான் பலகை வரைய வேண்டும். எஃப்411-ன் 48 பின் வகைக்கு: ஒவ்வொரு விடிடி (மின்சார) பின்னுக்கும் ஒரு 100 நானோஃபாரட் கப்பாசிட்டர், பின்னை ஒட்டியே. மொத்தத்துக்கு ஒரு 4.7 மைக்ரோஃபாரட். உள் ரெகுலேட்டருக்கான விகேப் பின்னுக்குத் தனியாக இன்னொரு 4.7 மைக்ரோஃபாரட் செராமிக். இதை விட்டால் உள் ரெகுலேட்டர் நிலைக்காது, சிப் இணையவே இணையாது. ஏடிசி வேண்டாம் என்றாலும் அனலாக் பகுதியின் மின்சாரப் பின்னான விடிடிஏ-வுக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். பூட்0 பின்னை 10 கிலோ ஓமால் கிரவுண்டுக்கு இழுங்கள். ரீசெட்டுக்கு 100 நானோஃபாரட்.

கிரிஸ்டலின் இரு கப்பாசிட்டர்களையும் கண்ணை மூடிக்கொண்டு 22 பிகோஃபாரட் போடாதீர்கள். கிரிஸ்டலின் லோடு மதிப்பில் பலகையின் இயல்புக் கொள்ளளவைக் கழித்து (5 பிகோஃபாரட் என்று எடுக்கலாம்) இரண்டால் பெருக்குங்கள். 12 பிகோஃபாரட் கிரிஸ்டலுக்கு 14 வரும், கடையில் கிடைக்கும் 15 சரி.

டேட்டா, கிளாக், ரீசெட், கிரவுண்டு, 3.3 வோல்ட் ஆகிய ஐந்துக்கும் இடம் ஒதுக்குங்கள், கனெக்டருக்கு இடமில்லை என்றால் வெறும் பேடாவது. ஒரு யுஆர்ட்டையும் ஒரு எல்இடியையும் அதோடு வெளியே எடுங்கள்.

பலகை வந்ததும் ரெகுலேட்டரையும் அதன் கப்பாசிட்டர்களையும் மட்டும் முதலில் சாலிடர் செய்து 3.3 வோல்ட்டை அளந்து பாருங்கள். அடுத்து சிப், அதன் கப்பாசிட்டர்கள், டீபக் பேடுகள். 7-ஆம் பகுதியின் 'ஆ' படியை இங்கே மறுபடி செய்யுங்கள். சிப்பின் பெயர் திரையில் தெரிந்த பிறகே மற்ற பாகங்களை ஏற்றுங்கள். சிப்பை இரண்டாக வாங்கி வையுங்கள்.